அம்மாவின் ஆறு மணி நேரம்

காலை ஒன்பது மணிக்குப் பாடம் ஆரம்பம். பன்னிரண்டுக்கு முடிந்து, மறுபடி இரண்டிலிருந்து ஐந்து வரை. துவக்கத்திலும் முடிவிலும் சங்கீதம் பாட வேண்டும். பாட நேரத்தில் இடத்தை விட்டு எழுந்து ஓடவோ, உரக்கப் பேசவோ கூடாது. இது பள்ளிக்கூடம் அல்ல, வீடு. ஆசிரியை பிள்ளைகளின் தாயார் சூசன்னா வெஸ்லி. இங்கிலாந்தில் எப்வர்த் என்ற சிற்றூரின் ஆங்கிலிக்கன் போதகருடைய மனைவி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அந்த வீட்டில்தான் படித்தார்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். இந்திய நகரங்களிலும் சில உண்டு. அவர்களில் பலருக்கு சூசன்னா இன்றும் முன்மாதிரி. காலை ஜெபம், வேத வசனம் மனப்பாடம், பிறகு கணக்கும் எழுத்தும், மதியத்துக்கு மேல் கதையும் தோட்டமும் என்று நாள் நகர்கிறது. சின்னக் குழந்தைக்குப் பாடம் சுருக்கமாக இருக்க வேண்டும், மீதி நேரம் வெளியில் கழிய வேண்டும் என்ற ஆங்கிலக் கல்வியாளர் ஷார்லட் மேசனின் யோசனை அந்தப் பழைய கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கிறது.

தளர்த்த வேண்டியதும்தான். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயந்து, சத்தமில்லாமல் அழக் கற்றுக்கொடுத்ததாக 1732இல் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் சூசன்னாவே சொல்கிறார். ஆனால் அதே கடிதத்தில் வேறொரு விதியும் இருக்கிறது: நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண் குழந்தைக்கும் வீட்டு வேலை பழக்கக் கூடாது. தையலுக்காகப் படிப்பை நிறுத்துவதால்தான் பெண்களுக்கு ஒழுங்காக வாசிக்க வருவதில்லை என்பது அவர் கட்சி. ஐந்து வயது முடிந்த மறுநாள் எழுத்துக்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே நாளில் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது.

1709இல் வீடு தீப்பற்றி எரிந்தது. பிள்ளைகள் பல வீடுகளில் சிதறி, திரும்பி வந்தபோது கொச்சைப் பேச்சோடு வந்தார்கள். சங்கீதம் பாடும் வழக்கம் அதன் பிறகுதான் வந்தது. மாலை ஐந்து மணிக்கு மூத்த பிள்ளை கடைக்குட்டியை அழைத்துப்போய் வேதம் வாசித்துக் காட்டும் வழக்கமும் அப்போது பிறந்ததே. இரவில் தாய் ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகப் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை.

கணவர் 1705இல் கடனுக்காகச் சிறை சென்ற குடும்பம் இது. அப்படியும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் படுக்கவைக்க வேலைக்காரி இருந்தாள். முன்மாதிரி காட்டுகிறவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காதவர்களுக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. 14 வயதானால் தேசியத் திறந்தவெளிப் பள்ளி நிறுவனத்தின் மூலம் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். எனவே சட்டம் பெரிய தடையில்லை. தாயின் நேரம்தான் தடை.

அந்தக் கால அட்டவணையை போனக்காட்டில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் விதுரையைத் தாண்டி, அகத்தியர் மலைக்கு ஏறுகிறவர்கள் புறப்படும் இடம். கிறிஸ்தவர்கள் யாத்திரை போகும் குருசுமலையும் அங்கேதான். தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கொண்டுவந்து வெள்ளைக்காரர்கள் வளர்த்த தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் தாய்க்குக் காலை ஒன்பது மணி வீட்டில் விடிவதில்லை. அதனால்தான் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதியையும் முதலாளி மீது சுமத்த வழிசெய்தது.

முதலாளி இருந்தால்தானே! தோட்டம் முடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. கூலி பாக்கி, லயங்கள் இடிந்த நிலை. பிழைப்புக்கு வெளியே போக வேண்டும்.

2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் எல்லா வீடுகளும் பள்ளிகளாயின. விக்டர்ஸ் சேனலில் பாடம் வந்தது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கும் பாடங்கள் தயாராயின. பாடம் ஓடும்போது பக்கத்தில் உட்கார, வேலைக்குப் போகாத ஒரு பெரியவர் தேவைப்பட்டார். தோட்டப் பகுதிகளில் பெரும்பாலும் அந்தப் பெரியவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. வீட்டின் மூத்த பெண்.