வந்து போன மரப்பையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

டெல்லி மோதி பாக்கில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகள் அதிகம். ரிங் ரோட்டில் ஏறினால் சில கிலோமீட்டரில் சஃப்தர்ஜங் மருத்துவமனை, அதற்கு எதிரே எய்ம்ஸ். நரம்பியல் நிபுணர்கள் இவ்வளவு பக்கத்தில் இருந்தும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., சிலருக்கு வருடக்கணக்கில் பிடிபடுவதில்லை. வந்துவிட்டுத் தானாகவே போய்விடும் அந்த நோயின் குணம்தான் காரணம்.

என்ன நடக்கிறது?

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் இழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறையை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. எந்த இடம் அடிபடுகிறதோ, அதற்கேற்ற தொல்லை. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

ஏன் தாமதம்?

முதலில் ஒரு கண் மங்கலாம். விழியை அசைத்தால் வலிக்கும். அந்தக் கண்ணுக்கு மட்டும் குங்குமச் சிவப்பு வெளிறித் தெரியும். சில வாரங்களில் பார்வை தெளிந்தால், கண் டாக்டரோடு விஷயம் முடிந்துவிடும். ஓரிரு வருடம் கழித்துக் கால் மரத்துப்போகும். தலையைக் குனிந்தால் முதுகில் ஷாக் அடித்தது போல் இறங்கும். இப்போது போவது எலும்பு டாக்டரிடம். கழுத்துத் தேய்மானம், பி-12 குறைவு, டென்ஷன் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். அதற்குள் மரப்பும் குறைந்துவிடும்.

எம்.எஸ். என்று உறுதிசெய்ய, பாதிப்பு வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்ததற்குச் சான்று வேண்டும் என்றது 2001-இல் வந்த மெக்டொனால்ட் வரையறை; பின்னர் அது பலமுறை திருத்தப்பட்டது. எம்ஆர்ஐ ஸ்கேனும் தண்டுவட நீர்ப் பரிசோதனையும் இதற்கு உதவுகின்றன. மாற்றலில் ஊர் ஊராகப் போகும் குடும்பங்களுக்குச் சிக்கல் இங்கேதான். கண் மங்கியது சென்னையில், கால் மரத்தது டெல்லியில் என்றால், இரண்டு டாக்டர்களும் ஆளுக்குப் பாதியைத்தான் பார்த்திருப்பார்கள்.

புகழ்பெற்றவர்களும் இந்தத் தாமதத்துக்குத் தப்பவில்லை. பிரிட்டிஷ் செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேவுக்கு 1971 வாக்கில் விரல்களில் உணர்ச்சி குறையத் தொடங்கியது. தந்தியில் விரல் எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து வாசிக்கும் நிலை வந்தது. எம்.எஸ். என்று தெரிந்தது 1973 அக்டோபரில், அவருடைய 28-ஆவது வயதில். எம்ஆர்ஐ இல்லாத காலம் அது. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 1993-இல். அவர் 1987-லேயே காலமாகிவிட்டார். இன்று மருந்துகள் பல. நோயை முற்றாகக் குணப்படுத்தாவிட்டாலும், புதிய தாக்குதல்களை அவை வெகுவாகக் குறைக்கின்றன. சீக்கிரம் கண்டுபிடித்தால் லாபம் அதிகம்.

டெல்லி வெயில் என்ன செய்யும்?

உடல் சூடேறினால் பழைய தொல்லை மீண்டும் தலைகாட்டும். ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டாஃப் இதை 1890-இல் பதிவு செய்தார். மே மாத வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் பார்வை மங்கும். குளிர்ந்த இடத்துக்கு வந்தால் தெளியும். இது புதிய தாக்குதல் அல்ல. ஆனால் காய்ச்சல் இல்லாமல், தொல்லை 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை: எம்.எஸ். போலவே தோன்றும் என்.எம்.ஓ. என்ற நோய் இந்தியாவிலும் உண்டு. எம்.எஸ். மருந்துகளில் சில அதை மோசமாக்கும். சந்தேகம் இருந்தால், ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பான் பரிசோதனை செய்வார்கள்.

கண்டுபிடித்த பிறகு?

பலருக்கு முதலில் வருவது அதிர்ச்சி; கூடவே, 'எல்லாம் மனப்பிரமை' என்ற பேச்சு ஒழிந்த நிம்மதி. அடுத்து ஆபீஸில் சொல்வதா, கல்யாணப் பேச்சில் சொல்வதா என்ற கவலை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் எம்.எஸ். இடம்பெற்றிருக்கிறது. 1985-இல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்கு டெல்லியிலும் கிளை உண்டு.

நியூராலஜிஸ்டைப் பார்க்கப் போகும்போது, என்றோ குணமான கண் மங்கலையும் மாதம், வருடத்தோடு எழுதி எடுத்துப்போங்கள். பழைய ஊரில் எடுத்த ஸ்கேனின் அறிக்கை மட்டும் போதாது. படம் அடங்கிய சிடியும் வேண்டும்.