புரதம் செரிக்க உதவும் நொதி மருந்துகள்

புரதம் செரிக்க உதவும் நொதி மருந்துகள் என்பவை, உணவிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் நொதிகளை வெளியிலிருந்து உடலுக்குத் தரும் மாத்திரைகளும் திரவ மருந்துகளும் ஆகும். பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் நீண்ட சங்கிலி போன்றது. அது அமினோ அமிலங்களாகவோ, இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் கோத்த துணுக்குகளாகவோ பிரிந்தால்தான் குடற்சுவர் அதை உறிஞ்சும்.

இரைப்பையில் இப்பணியைத் தொடங்குவது பெப்சின். இதனை 1836இல் செருமானிய அறிஞர் தியோடர் சுவான் கண்டறிந்தார். எனினும் பெரும்பகுதி வேலை சிறுகுடலில், கணையம் தரும் டிரிப்சின் முதலிய நொதிகளால் நடைபெறுகிறது. கணையம் டிரிப்சினைச் செயலற்ற வடிவிலேயே சுரக்கிறது. இல்லையேல் அது கணையத்தையே செரித்துவிடும்!

நொதிகளை மருந்தாகத் தருவதில் ஒரு சிக்கல் உண்டு. நொதியும் ஒரு புரதமே. கணைய நொதிகள், குறிப்பாகக் கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ், இரைப்பை அமிலத்தில் கெட்டுவிடும். ஆகவே அமிலத்தில் கரையாத பூச்சிட்ட சிறு மணிகளாகக் கேப்சூலில் அடைக்கப்படுகின்றன. இம்மணிகளை மெல்லவோ பொடிக்கவோ கூடாது. உணவுடன் சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்தால் பயனில்லை.

நாட்பட்ட கணைய அழற்சி, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஆகிய நோய்கள் உள்ளவர்களுக்கும் கணையம் அகற்றப்பட்டவர்களுக்கும் இம்மருந்து இன்றியமையாதது. மற்றவர்கள் நிலை வேறு. கணையத்தின் சுரப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்த பின்னரே செரிமானக் குறை வெளிப்படையாகத் தெரியும். எனவே விருந்துக்குப் பின் தோன்றும் வயிற்று உப்புசத்தை நொதிக் குறைவு என்று கொள்வது பெரும்பாலும் தவறு.

மருந்துக் கடைகளில் விற்கும் செரிமான சிரப்புகள் பலவற்றில் பெப்சின் அல்லது பப்பெயின் இருக்கும். உடன் சேர்க்கப்படும் டயஸ்டேஸ் மாவுச்சத்துக்கு உரியது, புரதத்துக்கு அன்று. பப்பெயின் பப்பாளிக்காயின் பாலிலிருந்து கிடைப்பது. இறைச்சி மென்மையாக அக்காயை அரைத்துத் தடவுவதும் இதனால்தான். நன்கு வெந்த பப்பாளிக்காய்க் கூட்டில் அந்நொதி செயலிழந்துவிடும்.

எண்ணெய்ப் பசையுடன் மிதக்கும் மலம், காரணமின்றி எடை குறைதல், சாப்பிட்டபின் முதுகு வரை பரவும் வலி ஆகியவை இருந்தால் சிரப்பு குடித்து நாள் கடத்தக் கூடாது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மதுப்பழக்கம் இல்லாத இளவயதினரிடமும் கற்களுடன் கூடிய கணைய அழற்சி காணப்படுகிறது. அது நீரிழிவிலும் கொண்டுபோய் விடும்.

மருத்துவர் எழுதித் தரும் கணைய நொதிகள் பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகின்றன. சைவ உணவினரும் இசுலாமியரும் இதனை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.