குதிரைகளைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சல்

சேலம், நாமக்கல் சமவெளியில் ஜட்கா வண்டிகளின் காலம் முடிந்துவிட்டது. திருமண ஊர்வலம், கோயில் விழா, பந்தயம் ஆகியவற்றுக்காகவே இன்று குதிரை பெரும்பாலும் வளர்க்கப்படுகிறது. பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடி மாதம் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வருகின்றன. பல்லும் சுழியும் நடையும் பார்த்துத்தான் விலை பேசப்படுகிறது. ரத்தத்தைச் சோதிப்பவர்கள் குறைவு.

நோயின் காரணம்

உண்ணிக் காய்ச்சலைப் பைரோபிளாஸ்மோசிஸ் என்பர். தைலேரியா ஈகுவை, பபேசியா கபாலி என்னும் இரண்டு ஓரணு ஒட்டுண்ணிகள் இதற்குக் காரணம். இரண்டும் சிவப்பணுக்களுக்குள் பெருகி அவற்றை உடைக்கின்றன. முதலாவது நெடுங்காலம் பபேசியா இனமாகவே கருதப்பட்டது. வெள்ளணுக்களிலும் வளர்வது தெரிந்த பிறகு, 1998-இல் பெயர் மாற்றப்பட்டது.

உண்ணியின் பங்கு

இந்தியாவில் இதைப் பரப்புவதில் ஹையலோமா அனடோலிகம் என்னும் உண்ணிக்கே பெரும் பங்கு. கொட்டகைச் சுவரின் விரிசல்களில் ஒளிந்து வாழும் இது மாட்டையும் குதிரையையும் ஒருசேரக் கடிக்கும். மாட்டின் தைலேரியா வேறு இனம். அது குதிரைக்கு வராது. ஆனாலும் மாட்டுத் தொழுவத்தின் ஓரத்தில் குதிரையைக் கட்டினால், உண்ணிக்கு இரண்டு பந்தி கிடைத்துவிடுகிறது. உண்ணி ஒட்டிச் சில நாள் ரத்தம் குடித்த பிறகே பொதுவாகக் கிருமி உடலுக்குள் இறங்கும். ஆகவே காதின் உட்புறம், பிடரி, வாலடி, உள்தொடை ஆகிய இடங்களைத் தினமும் தடவிப் பார்த்து உண்ணியை அகற்றுவது பயன் தரும்.

ஊசி வழியாகவும் நோய் பரவும். 2008-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பல குதிரைகளுக்கு ஒரே ஊசியைப் பயன்படுத்தியதால் இது பரவியது. கருவிலிருக்கும் குட்டிக்கும் தாயிடமிருந்து தொற்றலாம்.

அறிகுறிகள்

தொற்றிய இரண்டு மூன்று வாரங்களில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல் வரும். தீனி எடுக்காமை, சோர்வு, வெளிறிய அல்லது மஞ்சள் படர்ந்த கண் சவ்வு, கால் வீக்கம் ஆகியவை தொடரும். சிறுநீர் சிவந்து அல்லது கருஞ்சிவப்பாகப் போவது ஆபத்தின் அடையாளம். சினைக்குதிரை குட்டியை வீசிவிடலாம்.

பிழைத்த குதிரைதான் பெரிய சிக்கல். தைலேரியா ஈகுவை தொற்றிய குதிரை கொழுகொழுவென்று ஓடினாலும், பெரும்பாலும் ஆயுள் முழுதும் கிருமியைச் சுமக்கும். கடும் உழைப்பும் நெடும் பயணமும் அதைத் திரும்பக் கிளப்பக்கூடும். சந்தையில் வாங்கும் குதிரை கிருமியையும் கூட்டி வருவது இப்படித்தான்.

ஆய்வும் சோதனையும்

முற்றிய காய்ச்சலில் ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தாலே கிருமி தெரியும். கிருமியைச் சுமக்கும் குதிரையில் அது அகப்படுவது அரிது. எலைசா, பிசிஆர் சோதனைகள் தேவை. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் தைலேரியாவுக்கான எலைசா சோதனையை உருவாக்கியுள்ளது. இப்பகுதியினருக்கு அருகில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

தடுப்பூசி இல்லை. இமிடோகார்ப் மருந்து நோயை அடக்கும். கிருமியை முற்றாக ஒழிப்பது நிச்சயமில்லை. வயிற்றுவலி, எச்சில் ஒழுகல் போன்ற பக்கவிளைவுகள் உண்டு. கழுதைக்கு நஞ்சாகவே ஆகலாம். மருந்துக் கடையில் வாங்கித் தாமே போடுவது தவறு.

பிற நோய்கள்

சர்ரா நோயும் காய்ச்சல், ரத்தசோகையோடுதான் வரும். மாட்டு ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமா எவான்சி அதன் காரணம். கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் 1880-இல் பஞ்சாபில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்ட கிருமி இது. சர்ராவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் மருந்து வேறுவேறு என்பதால், சோதிக்காமல் ஊகித்து ஊசி போடக் கூடாது.

கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கும் பாக்டீரியா நோய். மூக்கில் சீழ், தோலில் முடிச்சும் புண்ணும் கண்டால் குதிரையைத் தனியே கட்டி, அரசு கால்நடை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். உறுதியானால் சிகிச்சை கிடையாது. 2009-ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டத்தின்படி குதிரையை வலியின்றி முடித்துவிடுவர்.

வாங்குவோருக்கு

புதிதாக வாங்கிய குதிரையை மூன்று வாரமாவது தனியே கட்டுங்கள். ரத்தச் சோதனை முடிவு வந்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். கொட்டகைச் சுவர் விரிசல்களைப் பூசுங்கள். ஒரு குதிரைக்கு ஓர் ஊசிதான்.