சிவாஜிக்கு ஏன் கிடைக்கவில்லை அந்த விருது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் சுங்கை சோ நேயர் ஒருவர் வழங்கிய கருத்து)

சிறந்த நடிகர் விருது என்று பேச்செடுத்தாலே எங்கள் சுங்கை சோ, செரண்டா பக்கத்துப் பெரியவர்கள் ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். "நடிகர் திலகத்துக்கே கொடுக்காத விருது என்ன விருது?" தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பாய் விரித்து உட்கார்ந்து சிவாஜியோடு சேர்ந்து அழுதவர்கள் அவர்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சரியா என்று பார்ப்போம்.

இந்திய அரசின் தேசியத் திரைப்பட விருதுகள் 1954-இல் தொடங்கின. அப்போது படங்களுக்குத்தான் விருது, நடிகர்களுக்கு இல்லை. நடிப்புக்கான விருது 1967-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் வந்தது. 'பராசக்தி' வெளிவந்தது 1952. 'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959. 'பாசமலர்' 1961. ஆகவே அவருடைய உச்சக்கட்டப் படங்கள் பல, பரிசே இல்லாத காலத்தில் வந்துவிட்டன. கட்டபொம்மனுக்கு 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. வெளிநாடு முந்திக்கொண்டது.

பிறகு வந்த படங்களுக்காவது கொடுத்திருக்கலாமே? என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன். 1969-இல் 'தெய்வ மகன்' படத்தில் மூன்று வேடம். அந்த ஆண்டு விருது 'புவன் ஷோம்' படத்துக்காக உத்பல் தத்துக்குப் போனது. அவரும் பெரிய கலைஞர். அதில் எனக்குக் குறையில்லை. என் மனத்தை உறுத்துவது 1985. 'முதல் மரியாதை'யில் சிவாஜி குரலை உயர்த்தவே இல்லை. நடையிலும் மௌனத்திலும் ஒரு கிராமத்துப் பெரியவரின் வாழ்க்கையையே காட்டிவிட்டார். விருது 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்தில் நடித்த சசி கபூருக்குக் கிடைத்தது. தராசு என் கையில் இருந்திருந்தால், நான் சிவாஜிக்குத்தான் கொடுத்திருப்பேன்.

"வடக்கே இருப்பவர்கள் தமிழனுக்குத் தரமாட்டார்கள்" என்கிறார்கள். அதே 1985-க்கான விருதுகளைப் பாருங்கள். 'சிந்து பைரவி'க்காகச் சுகாசினி சிறந்த நடிகை. அதே படத்துக்காக இளையராஜா சிறந்த இசையமைப்பாளர். 'முதல் மரியாதை'க்காக வைரமுத்து சிறந்த பாடலாசிரியர். இதற்கு முன்பே 'ரிக்‌ஷாக்காரன்' படத்துக்காக 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் விருதை எம்.ஜி.ஆர். பெற்றிருந்தார். கமல்ஹாசன் மூன்று முறை வாங்கினார். பின்னர் விக்ரம், பிரகாஷ்ராஜ், தனுஷ், சூர்யா ஆகியோரும் தமிழ்ப் படங்களுக்காகப் பெற்றார்கள். எனவே வஞ்சனை என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. மொழி தெரியாத நடுவர் எழுத்தைப் படித்துக்கொண்டே படம் பார்க்கிறார். வசனத்தின் ஏற்ற இறக்கத்தில் பாதி அவருக்குப் போய்ச் சேருவதில்லை. இது என் ஊகம்தான். ஆனால் மொழிபெயர்ப்பு எழுத்தோடு படம் பார்த்த யாருக்கும் இது புரியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் என்ன நடந்தது? தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் மக்களின் கதையைச் சொன்ன 'ஜகாட்', மலாய்மொழி அல்லாத படங்களுக்கான தனிப் பிரிவில் ஒதுக்கப்பட்டது. 'ஓலா போலா'வுக்கும் அதே கதி. கண்டனம் கிளம்பியது. குரல் கொடுத்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். மலாய்க் கலைஞர்களும் எதிர்த்தார்கள். ஏற்பாட்டாளர்கள் விதியை மாற்றினார்கள். எம்மொழிப் படமும் போட்டியிடக்கூடிய சிறந்த மலேசியப் படம் என்ற விருதை, சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அந்தப் படமே வென்றது.

சிவாஜி தோற்றது ஒரு தீர்ப்பில். 'ஜகாட்' முதலில் தடுக்கப்பட்டது வாசலில். தீர்ப்பு நமக்குப் பிடிக்காமல் போகலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாசலை மூடினால் பொறுக்கக் கூடாது. நம் தமிழ்ப்பள்ளி மேடையில் இன்று கட்டபொம்மன் வேடம் போடும் பிள்ளை நாளை திரைக்கு வரும்போது, அந்த வாசல் திறந்திருக்க வேண்டும். அதோடு, அந்தப் பிள்ளையின் படம் திரையேறும் நாளில் நாமும் சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.