மாரடைப்பை விரட்டிய மாகாணம்

1971 தொடக்கத்தில் பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கிக்கு ஒரு மனு வந்து சேர்ந்தது. அனுப்பியவர்கள் சோவியத் எல்லையை ஒட்டியிருந்த வட கரேலியா மாகாணத்துக்காரர்கள். ஆளுநரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். அவர்கள் சாலையோ பாலமோ கேட்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் நடுவயதிலேயே மாரடைப்பில் செத்துக்கொண்டிருக்கிறார்கள், அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

ஏரிகளும் காடுகளும் சூழ்ந்த அந்த மாகாணத்தில் அன்றைய மக்கள்தொகை சுமார் 1,80,000. ஆண்களில் பலர் மரம் வெட்டுபவர்கள், மாடு வளர்ப்பவர்கள். உட்கார்ந்து தின்று உடல் பெருத்தவர்கள் இல்லை. 'உழைக்கிற உடம்புக்கு ஒன்றும் வராது' என்று நம்மூரில் சொல்வார்களே, அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிக்கொண்டிருந்தது வட கரேலியா. 35 முதல் 64 வயது வரையுள்ள ஆண்களில் லட்சத்துக்கு 643 பேர் ஆண்டுதோறும் இதயத் தமனி நோயால் இறந்தார்கள். உலகிலேயே இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கிய இடங்களில் அதுவும் ஒன்று.

காரணம் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு அரசு காட்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தது. அவர்கள் காட்டைத் திருத்தி மாடு வளர்த்தார்கள். பஞ்சத்தைப் பார்த்த வீடுகளில் பாலும் வெண்ணெயும் பன்றி இறைச்சியும் புழங்கத் தொடங்கின. ரொட்டித் துண்டின் மேல் வெண்ணெயைக் கனமாகப் பூசினார்கள். குழம்பில் கொழுப்போடு இறைச்சி, சமையலுக்கும் வெண்ணெய், குடிக்க ஆடை எடுக்காத பால். நீண்ட குளிர்காலத்துக்காக மீனையும் இறைச்சியையும் உப்பிட்டுச் சேமித்துப் பழகியதால் நாக்கு உப்புக்கு அடிமையாகியிருந்தது. காய்கறியும் கீரையும் மாட்டுத் தீவனம் என்ற எண்ணம் பலருக்கு. ஆண்களில் பாதிக்கு மேல் புகைபிடித்தார்கள்.

இதயத்துக்குள் நடப்பது என்ன?

உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்பும் இதயம், தன் அறைகளில் நிரம்பி வழியும் ரத்தத்திலிருந்து நேரடியாக ஊட்டம் எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் அடியிலிருந்து கிளம்பி இதயத்தின் மேற்பரப்பில் படரும் இரண்டு தமனிகள்தான் அதன் தசைக்குச் சோறு போடுகின்றன. இந்தத் தமனிகளின் உள்விட்டம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் தசை, இவ்வளவு சிறிய குழாய்களை நம்பியே இருக்கிறது.

குழாயில் அழுக்கு படிவதுபோல ரத்தக் குழாயில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கோளாறு குழாயின் சுவருக்குள்ளேயே தொடங்குகிறது. உயர் ரத்த அழுத்தமும் புகையிலையும் சர்க்கரை நோயும் தமனியின் உள்சவ்வைக் காயப்படுத்துகின்றன. அந்த இடத்தில் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். சுவருக்குள் நுழைந்து தங்குகிறது. அதை விழுங்கி அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் கொழுப்பும் இறந்த அணுக்களும் சேர்ந்து, மேலே மெல்லிய தோல் மூடிய திட்டாக வளர்கின்றன.

இந்த வளர்ச்சி முதுமையில்தான் தொடங்கும் என்று எண்ணக் கூடாது. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1953-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் சராசரி வயது 22. ஆனால், நூற்றுக்கு 77 பேரின் தமனிகளில் நோயின் அடையாளம் ஏற்கெனவே இருந்தது.

திட்டு பெரிதாகித் தமனி குறுகினால், மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ நெஞ்சில் இறுக்கம் வரும், உட்கார்ந்தால் அடங்கும். மாரடைப்பு வேறு மாதிரி. திட்டின் மேல்தோல் திடீரென்று கிழிகிறது. உடம்பு அதைக் காயமென்று கருதி ரத்தத்தை உறைய வைக்கிறது. சில நிமிடங்களில் அந்த உறைகட்டி தமனியை அடைத்துவிட, அதற்கு அப்பால் உள்ள தசை சாகத் தொடங்குகிறது. இப்படிக் கிழிவது பெரும்பாலும் மிகப் பெரிய திட்டாக இருப்பதில்லை. பாதிகூட அடைக்காத சிறிய திட்டும் கிழியலாம். 'போன மாதம்தானே எல்லா டெஸ்ட்டும் எடுத்தார், நார்மல் என்றார்களே' என்று வீட்டார் கதறுவதற்குப் பின்னால் இருக்கும் உண்மை இது. ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத் திறக்கும், பைபாஸ் அதற்கு மாற்றுவழி அமைக்கும். தமனிச் சுவர் முழுவதையும் காப்பாற்றும் வேலை அன்றாட வாழ்க்கையில்தான் நடக்க வேண்டும்.

மாரடைப்பு யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பதே ஒரு காலத்தில் புதிராக இருந்தது. 1948-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் என்ற சிறு நகரில் 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுகள் பலவாகத் தொடர்ந்து கவனித்தார்கள். ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் புகைப்பழக்கமும் மாரடைப்புக்கு முன்கூட்டியே வழி அமைக்கின்றன என்பது அங்கிருந்துதான் தெளிவாகத் தெரிந்தது. 1953-ல் லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் டிரைவர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது.

அடுப்படியில் தொடங்கிய வேலை

வட கரேலியாவின் மனுவுக்கு அரசு செவிசாய்த்தது. 1972-ல் திட்டம் தொடங்கியது. பொறுப்பேற்றவர் பெக்கா புஸ்கா, முப்பது வயதைத் தொடாத மருத்துவர். பெரிய இதய மருத்துவமனை கட்டுவதில் அவர் இறங்கவில்லை. நோயாளிகளை மட்டும் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தால் போதாது, மாகாணம் முழுவதும் சாப்பிடும் விதமும் புகைக்கும் பழக்கமும் மாற வேண்டும் என்பது அவர் கணக்கு.

துண்டறிக்கை கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் மட்டும் ஊர் மாறிவிடவில்லை. பிறகு, மார்த்தா சங்கம் என்ற இல்லத்தரசிகள் அமைப்போடு கைகோத்தார்கள். கிராமம் கிராமமாகக் கூட்டம் போட்டார்கள். அங்கே சொற்பொழிவைவிட அடுப்புக்குத்தான் வேலை அதிகம். எல்லோர் வீட்டிலும் காலங்காலமாக வைக்கும் அதே கரேலிய இறைச்சிக் குழம்பு. கொழுப்பையும் உப்பையும் குறைத்து, காய்களைக் கூட்டி அங்கேயே சமைத்துப் பரிமாறினார்கள். சாப்பிட்டவர்களுக்குப் பிடித்திருந்தது. பெண்கள் அந்தப் பக்குவத்தை வீட்டுக்குக் கொண்டு போனார்கள். ஊரில் பேச்சு எடுபடக்கூடிய கடைக்காரர், சங்கத் தலைவர் போன்றவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். உள்ளூர் சாசேஜ் தயாரிப்பாளரிடம் பேசி, கொழுப்பில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் காளான் சேர்க்க வைத்தார்கள். கிராமங்களுக்கிடையே 'யார் அதிகம் கொலஸ்ட்ரால் குறைப்பது' என்று போட்டி வைத்தார்கள். புகைப்பழக்கத்தை விடும் பயிற்சி தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பானது.

எதிர்ப்பும் வந்தது. வெண்ணெயை நம்பிப் பிழைத்த பால் தொழில் கொதித்தெழுந்தது. அந்தக் கவலையைத் திட்டக்காரர்கள் அலட்சியப்படுத்தவில்லை. அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் நன்றாக விளையக்கூடியவை பெர்ரிப் பழங்கள். 1980-களில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் பெர்ரி சாகுபடிக்கு மாற உதவி செய்தார்கள். மக்களின் தட்டு மாறும்போது விவசாயியின் பிழைப்பும் கெடாமல் பார்த்துக்கொண்டதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய சாமர்த்தியம்.

ஐந்து ஆண்டுகளிலேயே பலன் தெரிந்ததால், 1977-க்குப் பிறகு நாடு முழுவதற்கும் இந்த வழி விரிந்தது. லட்சத்துக்கு 643 என்றிருந்த ஆண்களின் சாவு, 2012 வாக்கில் 118 ஆக இறங்கியது. பெண்களில் 114-லிருந்து 17. புகை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் குறைந்ததே முதல் பத்து ஆண்டுகளின் இறக்கத்துக்கு ஏறக்குறைய முழுக் காரணம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளும் அடைப்பைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியும் கைகொடுத்தது பிற்பாடுதான்.

நம் தட்டில் என்ன இருக்கிறது?

நமக்கும் இதில் நேரடிப் பாடம் உண்டு. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2004-ல் வெளியானது. முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு ஒன்பது காரணங்களே பொறுப்பு என்றது அது. அவற்றில் முக்கியமானவை புகை, ரத்தக் கொழுப்புக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், தொப்பை, மன அழுத்தம், காய் கனி குறைவு, உடலுழைப்பு இன்மை. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு 59. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில் ஆறு ஆண்டுகள் முன்னதாக நம்மை அது பிடித்துக்கொள்கிறது.

பின்லாந்துக்காரர்களுக்கு வெண்ணெய் என்றால், நமக்குச் சோறு. மூன்று வேளையும் தீட்டிய அரிசி, தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காய், நாளுக்கு நாலைந்து முறை சர்க்கரை போட்ட டீ, அதற்குத் துணையாக பஜ்ஜி, பப்ஸ். மாவுச்சத்து மிஞ்சினால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறும், சர்க்கரை ஏறும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளி இருப்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் அது எச்சரிக்கை.

அதற்காகச் சோற்றைத் துறக்க வேண்டியதில்லை. தட்டின் பாதியைப் பொரியலும் கூட்டும் கீரையும் நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், மீன், முட்டை. மீதிக் கால் பங்கு சோறு. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நெய்யும் தேங்காயெண்ணெயும் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்தவை. வாசனைக்குக் கொஞ்சம் போதும். வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்கு மிகக் கெட்டது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனாலும் கறுத்துப்போன எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும் பலகாரக் கடையை ஒதுக்குவது நம் கையில்தான் இருக்கிறது. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் சேரும்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். மூச்சு சற்று வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும். அதுதான் சரியான வேகம். சிகரெட், பீடி, மெல்லும் புகையிலை மூன்றுமே ஆபத்து. புகையை விட்ட ஓராண்டில், அதனால் கூடியிருந்த இதய ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இன்னொரு குறை, தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் விடுவது. 2020-ல் தமிழகத்தில் நடந்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. 'பிரஷர் நார்மல் ஆயிடுச்சு டாக்டர், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்' என்பது மருத்துவர்கள் தினமும் கேட்கும் வாக்கியம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அது நார்மலாக இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன.

கேஸ் என்று ஒதுக்க வேண்டாம்

இரவு பதினோரு மணி. நாற்பத்தைந்து வயதுக்காரர் நெஞ்சைத் தடவிக்கொண்டு எழுந்து உட்காருகிறார். நெற்றியில் வியர்வை. மனைவி கேட்கிறார்: "என்னங்க, கேஸா?" "ஆமா, ராத்திரி பரோட்டா சாப்பிட்டதுதான். ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்." ஓம வாட்டர், பெருங்காயம், கை வைத்தியம் என்று இரண்டு மணி நேரம் போகிறது. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் உயிர் போனது இந்த இரண்டு மணி நேரத்தில்தான்.

நெஞ்சின் நடுவில் பாரம் ஏற்றி வைத்ததுபோல் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பு, குமட்டல், மூச்சிரைப்பு என்றும் வரலாம். பைக்கில் ஏற்றிக்கொண்டு போக வேண்டாம். மாடிப்படி இறங்கி நடக்கவும் விட வேண்டாம். உட்கார வைத்து 108-ஐ அழையுங்கள். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால்தான் கேஸா, மாரடைப்பா என்பது தெரியத் தொடங்கும். பெரிய ஊர் தொலைவில் இருந்தாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை அங்கேயே முதல் தவணையாகக் கொடுத்து, அடுத்த மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

முப்பது வயதைத் தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் இந்த மாதமே பரிசோதித்து, எண்களை ஒரு தாளில் குறித்து வையுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், உங்களுக்கு இருபத்தைந்து வயதே ஆகியிருந்தாலும் காத்திருக்காதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கக் காசு வாங்குவதில்லை.