பத்மநாபபுரம் அரண்மனை கண்டோம்

தேயிலைத் தோட்டத்தில் நாற்பதாண்டுகள் கொழுந்தெடுத்த எங்கள் அன்னையார் அண்மையில் பணி ஓய்வு பெற்றார். லயத்து வீட்டைக் காலி செய்து எங்கே குடியேறுவது என்ற கவலை வீட்டை மூடியிருந்தது. அக்கவலையை இரண்டு நாட்களேனும் மறக்கட்டுமென்று, அவரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பத்மநாபபுரம் புறப்பட்டோம். நமது மூணாறும் முன்னாளில் திருவிதாங்கூர்ச் சீமையைச் சேர்ந்ததே. அச்சீமையின் பழைய தலைநகரை நம் மக்கள் காண வேண்டாமா?

போடிமெட்டு இறங்கி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோயில் வழியே தக்கலையை அடைந்தோம். அருகே, வேளிமலை அடிவாரத்தில், கோட்டை மதிலுக்குள் விளங்குகிறது அரண்மனை. 1601-ஆம் ஆண்டளவில் தொடங்கப் பெற்றதாகக் கூறப்படும் இதனை, 18-ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் விரிவாக்கினார். அந்நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது.

பொன்னும் மணியும் குவிந்திருக்குமென எண்ணிச் சென்ற குழந்தைகளுக்கு முதலில் சிறிது ஏமாற்றமே. இங்குள்ள பெருஞ்செல்வம் மரவேலைப்பாடு. முகமண்டபத்தின் விதானத்தில் 90 விதமான மலர்களைச் செதுக்கியுள்ளனர். மந்திராலோசனை மண்டபத்தின் சாளரங்களில் வண்ண அபிரகத் தகடுகள் ஒளிர்கின்றன. மூலிகை மரத் துண்டுகள் பலவற்றை இணைத்துச் செய்த அரசர் கட்டிலும், உடைவாள்களும், பழைய கடிகாரமும் கண்டு வியந்தோம். கண்ணாடிபோல் மின்னும் கருந்தரையைச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியன கொண்டு அமைத்தனர் என்பர். இரு தளங்களிலுமாக 2,000 பேர் அமர்ந்துண்ணும் அன்னசாலையும் உண்டு.

“ஆச்சி, தமிழ்நாட்டு அரண்மனையைக் கேரள அரசு ஏன் பார்த்துக்கொள்கிறது?” என வினவினாள் எங்கள் மகள். 1956 நவம்பர் 1-இல் கல்குளம் முதலிய தாலுக்காக்கள் தமிழகத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அரண்மனையின் பராமரிப்போ கேரளத் தொல்லியல் துறையிடமே இருந்துவிட்டது. எல்லைக்கு அப்பாலிருக்கும் பழம் பொருளைப் பேணும் பொறுப்பு இவ்வாறு ஏற்கப்பட்டிருப்பதை அவளுக்கு எடுத்துரைத்தோம்.

அன்னையாரோ தூணைத் தடவியவாறு, “இம்புட்டு வேலை செஞ்ச ஆசாரி பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?” என்று கேட்டார். நாங்கள் பார்த்த பலகைகள் எதிலும் இல்லை. “நம்ம கதைதான்” என்று சிரித்தார். அச்சிரிப்பு எங்கள் நெஞ்சைத் தைத்தது. மலைச்சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கிய கைகளுக்கு, முதுமையில் ஒதுங்கச் சொந்தக் கூரையில்லை.

மரத்தூணைக் காப்பதற்கு ஓர் அரசுத் துறை இருப்பது நன்றே. ஓய்வு பெறும் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு வீட்டு மனை கிடைக்க நம் சங்கம் இடையறாது முயலவேண்டும் என்பதே நாங்கள் கொணர்ந்த விண்ணப்பம். அன்பர்கள் ஒருமுறையேனும் இவ்வரண்மனையைக் குடும்பத்துடன் கண்டு வருக. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறவாதீர்கள்.