தலைக்கணக்கும் தமிழ்வழிப் பள்ளிகளும்

பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் நடக்கும் தமிழ்வழி அரசுப் பள்ளிகள், கேரளத்தின் மற்ற அரசுப் பள்ளிகளுக்கு உரிய விதிகளின்படியே நிதி பெறுவதால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அங்கே பாரபட்சம் எதுவும் தென்படாது. ஆனால் அந்த விதிகள் பெரும்பாலும் தலைக்கணக்கை நம்பியே எழுதப்பட்டவை.

ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் செலவைப் பகிரும் சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ‘கூட்டு மானியம்’ என்று ஒன்று உண்டு. சாக்பீஸ், பதிவேடு, மின்கட்டணம், குடிநீர், சில்லறைப் பழுதுபார்ப்பு என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒருமுறை தரப்படும் இத்தொகை, 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000 ரூபாய் என்று படிப்படியாக ஏறி, ஆயிரத்தைத் தாண்டும் பள்ளிக்கு 1 லட்சம் ஆகிறது. எஸ்டேட் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்திலிருந்து ஒரு குடும்பம் தமிழ்நாட்டின் போடிப் பக்கம் இறங்கிவிட்டால், 31 பிள்ளைகள் 30 ஆகிப் பள்ளி 15,000 ரூபாயை இழக்கும்; ஒழுகும் கூரைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. 2017இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கம் கேரளப் பள்ளிகளின் முகத்தையே மாற்றியது என்பதில் ஐயமில்லை; ஆயினும் ‘கிஃப்பி’ எனப்படும் உள்கட்டமைப்பு முதலீட்டு வாரியத்தின் வழியே அது ஒதுக்கிய கட்டட நிதியில், தொகுதிக்கு ஒரு பள்ளி என்ற இனம் நீங்கலாக, 1 கோடியும் 3 கோடியும் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் உள்ள பள்ளிகளுக்கே சென்றன. மலைமடிப்புகளில் சிதறிக் கிடக்கும் லயங்களுக்கு ஐந்நூறு என்பது எட்டாத எண்.

பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் எடுக்கும் எண்ணிக்கையை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகின்றன. பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் போகும், அதோடு பணியிடமும் போகும். மலையாளவழிச் சிறுபள்ளிகளையும் இவ்விதி வருத்துகிறது என்றாலும், அங்குள்ள பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியிலும் அதே பயிற்றுமொழி கிடைக்க, தமிழ்ப் பிள்ளையோ பெரும்பாலும் மொழியையே மாற்றிக்கொள்ள நேர்கிறது. இப்பகுதிகள் கேரளத்தோடு சேர்ந்த 1956இல்தான், மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர முயல வேண்டும் என்னும் 350அ பிரிவும் அரசியலமைப்பில் சேர்ந்தது.

எண்ணிக்கை எதுவாயினும் குறையாத அடிப்படைத் தொகை ஒன்றையும், பயிற்றுமொழிவாரியாகத் தனிக் கணக்கையும் வகுக்காதவரை அப்பிரிவுக்கு நிதியில் இடம் கிடைக்காது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒரு தோட்டத்தில் 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகள் 25 பேரைத் தாண்டினாலே, அவர்களுக்குக் கல்வி வசதி செய்துதரும்படி முதலாளியைக் கட்டாயப்படுத்தும் விதிகளை இயற்ற மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. 26 பிள்ளைகள் கொண்ட அரசுப் பள்ளியோ கூட்டு மானியத்தின் கடைசிப் படியில் 10,000 ரூபாய்க்கே உரியது.